முதல் இறக்கம்

அட்டைக்கடிக்குப் புதிதாக ஓர் எண்ணெய் வந்திருக்கிறது, தடவினால் ஒரு அட்டைகூடக் கிட்டே வராது என்று ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருநாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். கூட நின்ற பெண்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். அந்த அக்கா மட்டும் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தன் வலது காலில் மட்டும் முழங்கால்வரை தடவிக்கொண்டார். இடது காலில் வழக்கம்போலப் புகையிலைத் தண்ணீர். அன்றைக்கு மழை வேறு. சாயங்காலம் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து கடிவாய்களை எண்ணினார். எண்ணெய்க் காலில் பதினொன்று, புகையிலைக் காலில் மூன்று. பாட்டிலை ரைட்டரிடமே திருப்பிக் கொடுத்து, "வாசம் நல்லா இருக்கு சார், தலைக்குத் தேச்சுக்கங்க" என்றார்.

ரைட்டருக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அந்தப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். அவரைப் பார்த்து நான் சிரித்த நாட்களும் உண்டு, பல்லைக் கடித்த நாட்களும் உண்டு. இரண்டாவது வகைதான் அதிகம்.

கம்பத்திலிருந்து விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும். அந்த அக்காதான் ஆள் சேர்த்துக் கூட்டிவருகிறவர். இருபத்தெட்டுப் பெண்கள் அவர் சொல்லுக்கு வருவார்கள். பாதிப் பேர் என் வண்டியில், பாதிப் பேர் காதர் வண்டியில். காதர் என் சோட்டாள், ஒரே வயசு. இருவரும் ஒரே வருஷம் லைசென்ஸ் எடுத்தவர்கள். அக்காவுக்கு எங்களைவிடப் பத்து வயது கூட இருக்கும். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

எந்தச் சாமானையும் நல்லா இருக்கு என்று அவரிடம் சொல்லிவிட முடியாது. உடனே, "யாரு சொன்னா? அவுக எங்கன இருக்காக? எம்புட்டு நாளு வச்சிருந்தாக?" என்று கேட்பார். ஒரு பெண் புதுத் தூக்குவாளி வாங்கிவந்தால் அதில் தண்ணீர் ஊற்றி, ஜீப்பில் அரைமணி நேரம் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வருவார். மூடி ஒழுகாது என்று கடைக்காரர் சொன்னாராம். "கடைக்காரரு இந்த ரோட்டுல வந்திருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே என் முதுகுப் பக்கம் பிடித்தார். ஒழுகத்தான் செய்தது, என் சட்டை முழுக்க.

மகளுக்கு மார்க்கையன்கோட்டையில் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை வீடு தங்கம் என்று ஊரே சொன்னது. இவர் என்ன செய்தார் தெரியுமா? யாரென்று சொல்லிக்கொள்ளாமல் நடவுக்கூட்டத்தோடு சேர்ந்து மாப்பிள்ளை வீட்டு வயலுக்கே மூன்று நாள் நடவுக்குப் போனார். மூன்றாம் நாள் வந்து, "நடவாளுகளுக்கு அந்தம்மா முதல்ல சோறு போட்டுட்டுத்தேன் தான் திங்கிறாக. குடுக்கலாம்" என்றார். கல்யாணத்தன்று சம்பந்தியம்மாள் இவர் முகத்தைப் பார்த்து, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கடைசிவரை யோசித்துக்கொண்டே இருந்தார்.

இதெல்லாம் கேட்கச் சுவாரசியம். வண்டி விஷயத்தில் வந்தால்தான் உயிர் போகும். வண்டியில் பிரேக் வேலை பார்த்தாலோ, டயர் மாற்றினாலோ, புது டிரைவர் வந்தாலோ, முதல் இறக்கம் அவர் மட்டும்தான் இறங்குவார். கூட ஆள் ஏற விடமாட்டார். மலை உச்சியிலுள்ள மெட்டில் டீக்கடைக்குப் பின்னால் உரச்சாக்குகளில் மண் நிரப்பித் தைத்துப் பதினான்கு மூட்டை வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு மூட்டைக் கணக்கு. மூட்டைகளை ஏற்றி, முன்சீட்டில் அவர் உட்கார்ந்து, அடிவாரம்வரை இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மேலே வந்து பெண்களை ஏற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் போய்விடும். டீசல் செலவு என் தலையில்.

ஒருமுறை புது டயருக்காக அப்படி இறங்கிப்போனபோது மெட்டில் பனியும் சாரலுமாக இருந்தது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்த ஒரு பெண் பால் சேர்ந்து மார் கட்டிக்கொண்டு வலியில் அழுதாள். "டயருதானேக்கா, போகலாம்க்கா" என்று கெஞ்சினாள். அக்கா அவளைப் பார்த்தார், தலையைத் தடவினார், ஆனால் மூட்டைகளைத்தான் ஏற்றச் சொன்னார். அந்த டயரில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்குப் பெண்கள் முணுமுணுத்ததை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கே அவர்மேல் வெறுப்பு வந்தது. இது என்ன பிடிவாதம், மனுஷர் வாக்குக்கு மரியாதையே கிடையாதா என்று காதரிடம் புலம்பினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைக்கிறேன். கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வந்திருந்த காலம். காதரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருவோம். ஜீப் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டிச் சாமான்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஒரு பக்கத்தைக் காதர்தான் கண்டுபிடித்தான். பெங்களூரு, புனே, டெல்லி என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். நான் பிளஸ்டூ வரை படித்தவன், தட்டுத்தடுமாறிப் படித்துச் சொல்லுவேன். அதில், சக்கரத்துக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் லைனர் ஒன்றுக்கு நாற்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். சத்தமே இல்லை, தொட்டால் நிற்கிறது, டிரம் தேயவில்லை, மலைக்குப் போய்வந்தோம் பிரமாதம் என்று ஒரே புகழ். ஒருவர் லைனரைக் கழுவித் துடைத்துப் படம்வேறு போட்டிருந்தார்.

"மாப்ள, நம்ம ஊரு லைனரு கீச்சு கீச்சுன்னு கத்துது. இதுல ரெண்டு செட்டு எடுப்போம்" என்றான் காதர். எனக்கும் ஆசைதான். நாற்பத்தோரு பேர் சொல்கிறார்களே! நம் ஊரில் ஒரு மெக்கானிக் சொல்வதை நம்பி வாங்குகிறோம், இத்தனை பேர் சொல்வது பெரிதில்லையா? பணம் கட்டி, பார்சலில் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியிலும் மாட்டினோம். கம்பம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அடேயப்பா, காலை வைத்தால் பொத்தென்று நின்றது. பூனை நடப்பது மாதிரி சத்தமே இல்லை.

"அக்காட்ட எம் வண்டியப் பத்திச் சொல்லிப்புடாத மாப்ள. என்னையும் நிறுத்தி மூட்டையடிக்க வச்சிரும்" என்றான் காதர்.

சரி என்றேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் வாய் சும்மா இருக்கிறதா? என் வண்டிப் பெருமையை நானே அக்காவிடம் அளந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரு சொன்னா?"

"இன்டர்நெட்டுல அக்கா. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, நாப்பத்தோரு பேரு."

"அவுக எங்கன இருக்காக?"

"பெங்களூரு, டெல்லி, எல்லா ஊருலயும்."

"அவுக வண்டியில எத்தன பேரு போவாக?"

எனக்குக் கடுப்பாக இருந்தது. "புருசன், பொண்டாட்டி, ஒரு பிள்ள. லீவுக்கு எங்கனயாவது போவாக."

"அப்ப அவுகளுக்கு நல்லதுதேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். பிறகு, "சாயங்காலம் மூட்டைய ஏத்து. நான் மட்டும் வாரேன்" என்றார்.

பெண்கள் முனகினார்கள். நான் காதர் பக்கம் திரும்பவே இல்லை. அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மெட்டில் மூட்டைகளை ஏற்றினோம். என் வண்டிப் பெண்கள் டீக்கடையில் காத்திருப்பது, காதர் தன் பெண்களை ஏற்றிக்கொண்டு வழக்கம்போல இறங்குவது என்று பேச்சு. அவனுடைய ஆட்கள் இன்னும் வந்துசேராததால் நான் முன்னால் கிளம்பினேன். முதல் வளைவிலேயே இரண்டாவது கியரில் போட்டு உறுமவிட்டு நிதானமாக இறக்கினேன்.

"இதென்ன புதுப்பழக்கம்? தெனமும் இப்பிடித்தேன் எறக்குவியா?" என்றார் அக்கா.

 எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவோம். வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். வேகத்தைப் பிடித்து நிறுத்துவதெல்லாம் பிரேக்தான். தப்பென்று தெரியும். அக்காவும் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அவர் முன்னால் சரி சரி என்போம், அடுத்த வளைவில் நியூட்ரல்.

"புது லைனர்ல அக்கா, பாத்து எறக்குறேன்."

"நான் இருக்கேன்னு நல்ல பிள்ளையா ஓட்டாத. அவளுகள எப்பிடி எறக்குவியோ அப்பிடியே எறக்கு."

நியூட்ரலில் விட்டேன். அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வளைவு. பிரேக் தேன் மாதிரி பிடித்தது. "பாத்தீகளா?" என்றேன். அவர் மூக்கை மட்டும் உறிஞ்சிப் பார்த்தார். ஆறாவது வளைவில் எனக்கே அந்த வாடை வந்தது. எதுவோ கருகுகிற வாடை. ஏழாவதில் பிரேக்கை மிதித்தபோது வண்டி யோசித்து யோசித்து வேகம் குறைந்தது.  எட்டாவது வளைவுக்கு நூறடி முன்னால் மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி நிற்கவில்லை.

இரண்டு காலாலும் மிதித்தேன். இடது பக்கம் தடுப்புக் கல், அதற்கப்புறம் ஒன்றுமில்லை, கீழே கம்பத்துத் தென்னந்தோப்பு தெரிகிறது. கியரைத் தள்ளினேன், கரகரவென்று கத்தியது, விழவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், பின்னால் புகை வந்ததுதான் மிச்சம். அம்மா என்று கத்தினேன். சத்தியமாக அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

"மலைப்பக்கம் சாத்து! ஓடையில எறக்கு!" என்று அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினார்.

வண்டி மலையோர ஓடையில் இறங்கி, பாறையில் உரசி உரசி, தீப்பொறி பறக்க முப்பதடி போய் முட்டி நின்றது. மண்மூட்டைகள் பின்னாலிருந்து பாய்ந்து வந்தன. ஒன்று அவர் தோளில் இடித்தது, ஒன்று கிழிந்து எங்கள் இருவர் தலையிலும் மண்ணாகக் கொட்டியது. அந்த மூட்டைகள் இருந்த இடத்தில் யார் யார் உட்காருவார்கள் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். மார் கட்டிக்கொண்டு அழுத பெண் கடைசியில் வலது ஓரம்.

அக்கா இறங்கினார். வண்டி நின்றதும் சக்கரத்து நடு இரும்பில் விரலால் தொட்டுச் சூடு பார்ப்பது அவர் வழக்கம். குனிந்தவர் ஓடைச் சேற்றில் கால் வழுக்கி, உள்ளங்கை முழுக்க அந்த இரும்பின்மேல் ஊன்றிவிட்டார். சுர்ரென்று சத்தம் எனக்கே கேட்டது. கையை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த லைனரு வேற யாரு வண்டியிலயாவது மாட்டிருக்கா?"

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நான் உடனே சொல்லவில்லை. காதருக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே என்று ஒரு நினைப்பு. அவன் மெதுவாக இறக்குவான், ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. இரண்டு வண்டியும் நின்றுபோனால் நாளைக்கு வேறு ஜீப்காரன் உள்ளே வந்துவிடுவான் என்று ஒரு பாழாய்ப்போன நினைப்பு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எங்கேயோ ஹாரன் சத்தம் கேட்டது. காதரின் ஹாரன், மூன்று தட்டுத் தட்டுவான்.

"காதர் வண்டியிலக்கா" என்றேன்.

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வளைவுக்கு வளைவு மேலேறும் குறுக்குப் பாதையில் ஓடினார். செல்போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நானும் பின்னால் ஓடினேன். முள்ளும் சரளையுமாக ஏறும் பாதை. ஒற்றைக் கையால் செடிகளைப் பிடித்து ஏறினார். ஹாரன் கிட்டே கிட்டே வந்தது. ஐந்தாவது வளைவில் நாங்கள் ரோட்டைத் தொட்டபோது காதரின் வண்டி மேலே நேர்ரோட்டில் இன்ஜின் சத்தமே இல்லாமல் உருண்டு வந்துகொண்டிருந்தது. நியூட்ரல்தான்.

அக்கா நடுரோட்டில் போய் நின்றார்.

"ஓரமா வாங்கக்கா! நிக்கலேன்னா?" என்று அலறினேன்.

நகரவில்லை. நல்ல கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றார். வண்டி வந்தது. இருபதடி தள்ளி, அழகாக, சத்தமில்லாமல் நின்றது.

"பாத்தியா மாப்ள! என்னமா நிக்கிது!" என்றான் காதர், பல்லெல்லாம் தெரிய.

உள்ளே பதினெட்டுப் பேர். என் வண்டிக்குக் காத்திருக்க மாட்டாமல் நான்கு பேர் அதில் தொற்றியிருந்தார்கள். அக்கா மூச்சு வாங்க, "எல்லாரும் எறங்குங்க. பிரேக் போயிரும்" என்றார். யாரும் அசையவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்திதான் பேசினாள்.

"யாருக்கா சொன்னா?"

"நான் சொல்றேன். இவன் வண்டி எட்டாவது வளைவுல நிக்கல."

"அது அவன் வண்டி. எங்க வண்டி நல்லாத்தேன் நிக்கிது. இப்பத்தேன் உங்க கண்ணு முன்னால நின்னுச்சு. இருட்டப் போகுது, எம்புட்டுத் தூரம் நடக்கச் சொல்றீக?"

"ஆமா, தெனம் ஒரு கூத்து" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் அதற்கு ஒத்து ஊதினார்கள்.

அக்கா அவள் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. யார் வாக்கையும் ஒப்புக்கொள்ளாத மனுஷிக்கு, தன் வாக்கை நம்பச் சொல்லி எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.  நான் வாயைத் திறப்பதற்குள் மடக்கி வைத்திருந்த கையை அவர் விரித்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கைத் தோல் வெள்ளையாகச் சுருண்டு ஓரத்தில் உரிந்து தொங்கியது.

"அந்தச் சக்கரத்த இப்பத்தேன் தொட்டேன்" என்றார்.

பேசியவள்தான் முதலில் இறங்கினாள். காதர் வண்டியை விட்டுக் குதித்து அந்தக் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு, "எம் வண்டியிலயும் அதேதேன் அக்கா. சொல்லாதன்னு நாந்தேன் இவன்ட்ட சொன்னேன். எறங்குங்கத்தா எல்லாரும்" என்றான். யாரும் கேட்காமலேயே சொன்னான்.

டீக்கடையில் நின்றவர்களை வேறு ஜீப்பில் வரச் சொல்லி, மேலேறிப்போன ஒரு வண்டியில் சொல்லியனுப்பிவிட்டு, அத்தனை பேரும் நடந்து இறங்கினோம். காதர் காலி வண்டியை முதல் கியரில் போட்டுப் பின்னாலேயே கொண்டுவந்தான். எட்டாவது வளைவில் என் வண்டி ஓடையில் சாய்ந்து கிடந்ததையும், மூட்டைகள் கிழிந்து சிதறியதையும் பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். 

அடுத்த ஞாயிறு பிரவுசிங் சென்டருக்குப் போய் நடந்ததை நானும் எழுதினேன். ஒரு நட்சத்திரம். அன்றைக்கே ஒருவர் பதில் போட்டிருந்தார். ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டாமல் கருத்துச் சொல்வது சரியல்ல, நீங்கள் எவ்வளவு ஓட்டினீர்கள் என்று கேட்டிருந்தார். மலையில் ஆறு கிலோமீட்டர் என்று போட்டேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அந்த நாற்பத்தோரு பேரும் பொய் சொன்னார்கள் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. மூன்று பேரோடு கியரில் இறங்குகிற வண்டிக்கு அது நல்ல லைனர்தான், பாரத்தில் சூடேறினால்தான் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் இறக்கியதை நானும் எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டு எனக்குத்தான் விழுந்திருக்கும், இல்லையா?

பழைய லைனரையே இருவரும் மாட்டினோம். நசுங்கிய பக்கத்தைத் தட்டி எடுத்து என் வண்டி வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று, அதுவரை என் வண்டிப் பெண்கள் கிடைத்த வண்டியில் போய்வந்தார்கள். நியூட்ரலை விட்டேன், சத்தியமாக விட்டேன். கைக்காயத்தால் அக்காவும் அந்த மூன்று வாரம் ஏலக்காய் எடுக்கப் போகவில்லை. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது காபி போட்டுக் கொடுத்தார், பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். ஒரு கோபமும் தெரியவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம், மெட்டில் நானே பதினான்கு மூட்டைகளையும் புதிதாகத் தைத்து வண்டியில் ஏற்றிவைத்துக் காத்திருந்தேன். காதரும் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான்.

"ஏறுங்கக்கா. மொத எறக்கம் எறங்கிப் பாருங்க. எல்லாம் மாத்திட்டேன்."

அவர் வண்டியைச் சுற்றிவரவில்லை. சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தேன் இருக்கும்" என்றார்.

"பின்ன என்னக்கா?"

"அன்னைக்கு நான் கேட்டப்ப நீ யோசிச்சியே தம்பி."

 அவர் நடந்துபோய்க் காதர் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என் வண்டிப் பெண்கள் பதினான்கு பேரும் கீழே நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு, வேறு வண்டி தேடி ஜீப் வரிசைப் பக்கம் நடந்தார்கள்.